செப்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன்: திருகோணமலை வீட்டுத் தொட்டிக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையில் 'கொப்பர்பாண்ட்' என்று சொல்லி விற்கும் மீனைப் பற்றிய பக்கம் இது. அறிவியற் பெயர் கெல்மோன் ரொஸ்ட்ராட்டஸ். முருகைக்கல் வைத்த கடல்நீர்த் தொட்டியை ஓராண்டாவது நடத்திப் பழகியவர்களுக்காக எழுதியது. தொட்டிக்கு வந்த கொப்பர்பாண்டில் அதிகம் சாவது நோயால் அல்ல, பட்டினியால். அதனால்தான் கீழே எந்தக் கேள்வியைத் தொட்டாலும் பேச்சு சாப்பாட்டுக்கே திரும்பி வருகிறது.

இது நம்முடைய கடலில் உள்ள மீனா?

இல்லை. அந்தமான் கடலிலிருந்து கிழக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் வரையும், தெற்கே அவுஸ்திரேலியா வரையும் இதன் வாழிடம். இங்கே கடைக்கு வருபவை இறக்குமதி. வெள்ளி உடம்பில் செம்மஞ்சள் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்பக்கம் ஒரு கருங்கண் பொட்டு, குறடு போல நீண்ட மூக்கு. வளர்ந்தால் 20 சென்ரிமீற்றர்.

நிலாவெளி, உப்புவெளிக் கடலில் முக்குளிப்போர் பார்ப்பது இதன் உறவுக்கார மீன்கள்.

அப்படியானால் அந்த உறவுக்கார மீன்களில் ஒன்றைப் புறாத்தீவில் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. அங்கே மீன், முருகைக்கல், சங்கு, சிப்பி எதையும் எடுப்பது குற்றம். பூங்காவுக்கு வெளியிலும் முருகைக்கல் எடுப்பதற்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த கல்தானே என்று தொட்டிக்கு அள்ளி வருபவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம். தொட்டிக்குச் செயற்கைக் கல்லை வாங்கி, ஏற்கெனவே ஓடும் நல்ல தொட்டியிலிருந்து கையளவு கல்லை விதையாகப் போட்டால் போதும்.

நம் கடலின் வண்ணத்துப்பூச்சி மீன்கள் கடைக்கு வந்தால் வாங்கலாமா?

இந்தக் குடும்பத்தின் பெரிய பேரினம் கீட்டோடொன். கிரேக்கத்தில் 'மயிர்ப்பல்' என்று பொருள். தூரிகை மயிர் போன்ற அந்தப் பல் எதைக் கொறிக்கிறது என்பதுதான் மீனின் விதியைத் தீர்மானிக்கிறது.

டிரைஃபாசியாட்டஸ், மெயெரி, டிரைஃபாசியாலிஸ், ஒக்டோஃபாசியாட்டஸ் ஆகியவை முருகைக்கல்லின் உயிருள்ள மொட்டுகளையே தின்பவை. இறாலோ மட்டியோ முன்னால் கிடந்தாலும் பெரும்பாலானவை திரும்பிப் பார்க்காமல் மெலிந்து போகும். எவ்வளவு அழகாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். வாங்குபவர் இருக்கும் வரை பிடிப்பவரும் இருப்பார்.

ஔரிகா வேறு வகை. முதுகுத் துடுப்பிலிருந்து நூல் ஒன்று நீளும். கொடுத்ததைத் தின்னும், உடம்பும் தாங்கும். ஆனால் தொட்டியிலுள்ள முருகைக்கல்லையும் சேர்த்துத் தின்னும். முருகைக்கல் இல்லாமல் மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அது பொருந்தும்.

முருகைக்கல்லுக்கு ஆபத்தில்லாத ஒன்று வேண்டுமானால் கூட்டமாகத் திரியும் கொடி மீன் ஹெனியோக்கஸ் டிஃப்ரியூட்டஸ். நீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களே அதன் உணவு. அசப்பில் அப்படியே இருக்கும் ஹெனியோக்கஸ் அகுமினாட்டஸுக்கு மூக்கு சற்று நீளம், அது கல்லைக் கொத்தவும் கூடும். கடைக்காரருக்கே இரண்டும் குழம்புவதுண்டு.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

120 × 60 × 60 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. கணக்குக்கு 432 லீற்றர்; கல்லும் மணலும் போக உள்ளே நிற்பது 350 அளவில்.

அளவைவிட முக்கியம் தொட்டியின் வயது. ஓராண்டு ஓடிய தொட்டியின் கல் இடுக்குகளில் புழுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கூனிகளும் பெருகியிருக்கும். மீன் பகல் முழுக்க இவற்றைக் கொத்தித் திரியும். நாம் போடும் சாப்பாடு இரண்டு வேளைக்கு நடுவில் விடும் இடைவெளியை இதுதான் நிரப்புகிறது. மூன்று மாதத் தொட்டியில் கல் வெறும் கல்லாகத்தான் இருக்கும்.

தண்ணீரின் அளவுகள்?

உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 பாகை, பீஎச் 8.0 முதல் 8.4. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம். நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 20 ஐத் தாண்ட விடாதீர்கள். முருகைக்கல்லுக்காக காரத்தன்மை அதன் அலகான டீகேஎச்சில் (dKH) 8 முதல் 9, கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில்.

வைகாசி, ஆனியில் தொட்டி 31 பாகைக்கு ஏறுகிறது. குளிரூட்டி கட்டாயமா?

வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் மேற்பரப்புக்குச் சாய்வாக வீசும் இரண்டு மின்விசிறியோடு சமாளிக்கலாம். 1 லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது 400 லீற்றர் தண்ணீரை 1.4 பாகை குளிர வைக்கும் அளவு வெப்பத்தைக் கொண்டு போகிறது. கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும். 2, 3 பாகை இறங்கும். அதே விசிறி மாரியில் ஈரக் காற்றோடு மல்லுக்கட்டும், ஆனால் அப்போது வெயிலும் இல்லை. அந்த வகையில் காலநிலை நமக்கு ஒத்துப் போகிறது.

விசிறிக்குக் கொடுக்கும் விலை உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். கச்சானில் நாளுக்கு 6 லீற்றர் போனால், 3 நாள் ஊற்றாமல் விட்டால், 350 லீற்றர் தொட்டியில் ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உப்பு 37 ஐத் தொடும். ஊற்ற வேண்டியது ஆர்ஓ (RO, நுண்சவ்வில் வடித்த) நன்னீர், கடல்நீர் அல்ல. மிதவை வைத்த தானியங்கி நிரப்பி பூட்டினால் வெளியூர் போனாலும் நிம்மதி. கிணற்றுத் தண்ணீரை நேரே இதற்குப் பாவிக்காதீர்கள். கரையோரக் கிணறு உவராக இருக்கும், தோட்டப் பக்கத்துக் கிணற்றில் உர நைத்திரேற்று இருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின். மூன்றும் ஆர்ஓ வழியாகத்தான் தொட்டிக்குப் போக வேண்டும்.

தொட்டி சூடாகிவிட்டதென்று ஐஸ் கட்டியை நேரே போடுபவர்கள் உண்டு. போத்தலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள், மணிக்கு 1 பாகைக்கு மேல் இறக்காதீர்கள்.

கடல் பக்கத்தில் இருக்க, உப்புப் பொடி எதற்கு? கடல் தண்ணீரையே எடுக்கலாமே?

எடுக்கலாம், எங்கே எப்போது என்பதில் கவனம் வேண்டும். உட்துறைமுகத்தில் எடுக்க வேண்டாம். கப்பல் எண்ணெயும் ஊர்க் கழிவும் கலக்கும் மூடிய நீர் அது. கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது. உப்பு குறைவு, சேறு கூட. நிலாவெளிப் பக்கம் திறந்த கடலில், சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும்போது, இடுப்பளவு ஆழத்துக்கு அப்பால் எடுங்கள். வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டும் ஐப்பசி முதல் தை வரை வேண்டவே வேண்டாம். அந்த மாதங்களுக்கு உப்புப் பொடியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டு வந்ததும் 5 மைக்ரோன் வடிபையில் வடித்து, மூடிய கரும் பிளாஸ்டிக் பீப்பாவில் 2 கிழமை இருட்டில் வைக்க வேண்டும். மிதவைப் பாசி செத்து அடியில் படியும். மேலிருந்து குழாய் போட்டுத் தெளிந்ததை மட்டும் இழுத்து, 24 மணிநேரம் காற்று விட்டு, உப்படர்த்தியையும் அமோனியாவையும் சோதித்த பின் பாவிக்கலாம். அடியில் கிடக்கும் 3 விரற்கிடையைக் கொட்டிவிடுங்கள்.

பொடி கரைப்பதென்றால் 40 லீற்றர் ஆர்ஓ தண்ணீருக்கு ஏறத்தாழ 1.5 கிலோ. தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறிது மாறும், அதனால் மானியை நம்புங்கள். மானி என்பது ஒளிமுறிவு மானி. ஊசி ஆடும் மலிவுப் பிளாஸ்டிக் மானி 0.003 வரை பொய் சொல்லும்.

கடையில் நல்ல மீனை எப்படி அறிவது?

கடைக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: "எனக்கு முன்னால் சாப்பாடு போட்டுக் காட்டுங்கள்." சாப்பிடாத கொப்பர்பாண்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். 'இப்போதுதான் வந்தது, வீட்டுக்குப் போனால் தின்னும்' என்ற பேச்சு உங்கள் காசுக்கு ஆடும் சூதாட்டம். முற்பணம் கொடுத்து, 2 கிழமை கடையிலேயே விட்டு, பிறகும் தின்றால் எடுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பிறகு மீனை முன்பக்கமிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மெலிவு தெரியாது. தட்டையான மீன் எப்போதும் வடிவாகத்தான் இருக்கும். நேர் எதிரே அது திரும்பும் வரை காத்திருங்கள். கண்ணுக்கு மேலே, நெற்றி முதுகோடு சேரும் இடம் இரு பக்கமும் குழி விழுந்து கத்திமுனை போல் நின்றால் அது தன் தசையையே தின்று கொண்டிருக்கிறது. வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி சில நாள். நெற்றி உள்வாங்கியிருந்தால் கிழமைக் கணக்கு. முதலாவதைத் தேற்றலாம். இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

மூக்கு நுனியைப் பாருங்கள். பையில் முட்டி வெளுத்திருந்தாலோ, இரு தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தாலோ அது உண்ணாது. ஒரு பக்கச் செவுள் மட்டும் மூடியிருந்து மறுபக்கம் அடித்துக்கொண்டால் செவுளில் தட்டைப் புழு. உடம்பைக் கல்லில் உரசினாலும் அதே சந்தேகம்.

அளவு 8 முதல் 11 சென்ரிமீற்றர் நல்லது. அதைவிடச் சின்னதுக்கு உடம்பில் சேமிப்பில்லை, இரண்டு நாள் பட்டினியே அதிகம். பெரிதாக வளர்ந்தது பழக்கத்தை மாற்றாது.

கொழும்பில் வாங்கினால் எப்படிக் கொண்டு வருவது?

வழியில் 6, 7 மணிநேரம். முதுகு முள் பையைக் குத்தும், ஆகவே இரட்டைப் பை. மூன்றிலொரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன். ரெஜிபோம் பெட்டியில் வைத்து மூடி, சுற்றிவரப் பழைய பத்திரிகையால் இடைவெளியை அடைத்துவிடுங்கள். இருட்டு மீனை அமைதியாக்கும். குளிரூட்டிய பேருந்தின் காற்றுத் துளைக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். இரவு ரயில் இதைவிட நல்லது. கடைக்காரரிடம் முந்திய நாள் உணவு போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், பையில் கழிவு குறையும்.

வந்ததும் 3 மணிநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்க வேண்டுமாமே?

நீண்ட பயணம் வந்த மீனுக்கு அது ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட காபனீரொட்சைட்டு தண்ணீரின் பீஎச்சைக் கீழே இறக்கியிருக்கும். அந்த நிலையில் அமோனியா அதிகம் நஞ்சில்லாத அமோனியமாகக் கிடக்கும். பையைத் திறந்த உடனே காபனீரொட்சைட்டு வெளியேறி பீஎச் ஏறுகிறது; அமோனியம் நஞ்சாகத் திரும்புகிறது. திறந்த வாளியில் 3 மணிநேரம் வைத்திருப்பதென்றால் மீனை அந்த நஞ்சில் ஊற வைப்பதுதான்.

செய்ய வேண்டியது இது. பையின் உப்படர்த்தியைக் கடையிலேயே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவுக்குத் தயார் செய்து வையுங்கள். கடைகள் பலவும் 1.020 முதல் 1.022 இல் வைத்திருக்கும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். திறந்து, மீனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தால் எடுத்து உடனே விடுங்கள். வலை வேண்டாம், செவுள்முள் சிக்கும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. உப்பைப் பிறகு நாளுக்கு 0.001, 0.002 என்று ஏற்றினால் போதும்.

தனிமைத் தொட்டி கட்டாயமா? என்ன வேண்டும்?

கட்டாயம். 80 முதல் 100 லீற்றர் தொட்டி, ஏற்கெனவே ஓடிய பஞ்சு வடிகட்டி ஒன்று, ஒளிய 3, 4 பீவீசி குழாய் முழங்கை, மூடி. மணல் வேண்டாம், முருகைக்கல் வேண்டாம். 4 முதல் 6 கிழமை. பஞ்சு வடிகட்டியை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியின் அடித்தொட்டியில் (கீழே வடிகட்டி இருக்கும் தொட்டியில்) போட்டு வையுங்கள். புதுப் பஞ்சில் பற்றீரியா இல்லை, மூன்றாம் நாள் அமோனியா ஏறும்.

முதல் கிழமை மருந்து வேண்டாம். சாப்பிட வைப்பதே வேலை. விதிவிலக்கு வெல்வெற் நோய்: பொன்தூள் தூவியது போல உடம்பு, மூச்சிரைப்பு, நீரோட்டத்தின் எதிரே தலையை வைத்து நிற்பது. அது இரண்டு மூன்று நாளில் கொல்லும், காத்திருக்க முடியாது.

உண்ணத் தொடங்கிய பின் தட்டைப் புழுவுக்குப் பிராசிகுவான்டெல், லீற்றருக்கு 2.5 மில்லிகிராம். 80 லீற்றருக்கு 200 மில்லிகிராம். இலகுவில் கரையாது, சிறிது வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் குலுக்கி ஊற்றுங்கள், காற்றுக் கல்லை முழுதாகத் திறந்து விடுங்கள். மருந்து முட்டையைக் கொல்லாது. பொரித்து வருவதைப் பிடிக்க 5 முதல் 7 நாளில் இன்னொரு தடவை.

வெண்புள்ளி நோய்க்குச் செம்பு. அயன் வடிவச் (ionic) செம்பானால் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். ஒரே நாளில் அந்த அளவுக்கு ஏற்றினால் இந்த மீன் சாப்பாட்டை நிறுத்திவிடும். 5 நாளாகப் பிரித்து ஏற்றி, நாள்தோறும் சோதித்து, 30 நாள் பிடித்து வையுங்கள். சோதனைப் பெட்டி இல்லாமல் செம்பைத் தொடாதீர்கள். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீன் இல்லை. முருகைக்கல் உள்ள தொட்டியில் ஒரு சொட்டும் விடக் கூடாது. பெரிய தொட்டிக்கே வெண்புள்ளி வந்துவிட்டால் மீன் அனைத்தையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனில்லாமல் விடுவதே கவனமானவர்களின் கணக்கு.

நன்னீர்க் குளிப்பு என்கிறார்களே?

தட்டைப் புழு இருக்கிறதா என்று அறிய நல்ல வழி. ஆர்ஓ தண்ணீரைத் தொட்டி வெப்பத்துக்குக் கொண்டு வந்து, அப்பச்சோடா சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பீஎச் 8.2 ஆக்கி, அரை மணிநேரம் காற்று விட்டபின் மீனை 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். கருநிற வாளி என்றால் தெளிவாகத் தெரியும். மீனின் உடம்பில் கண்ணாடி போலிருந்த புழு நன்னீர் பட்டதும் பால்வெள்ளையாகி, எள் போல அடியில் உதிரும். மீன் படுத்துவிட்டாலோ மூச்சு நின்றாற்போல் தெரிந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள், எதையும் தின்னவில்லை. என்ன செய்வது?

இந்த மீன் உணவை ஓடிப் பிடிப்பதில்லை. இடுக்கைப் பார்த்து, பொறுமையாக, உள்ளே மூக்கை விட்டு எடுப்பது இதன் வழக்கம். ஆகவே உணவையும் இடுக்கில் வைத்துக் கொடுங்கள்.

முதல் நாள் விளக்கை அணைத்து விடுங்கள். பின்னேரம் உயிருள்ள ஆர்ட்டிமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) சிறிது. விடிய ஒரு மட்டியை உடைத்து, ஒரு பாதி ஓட்டில் சதை ஒட்டியபடி, குழாய் முழங்கைக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். தள்ளி நின்று பாருங்கள். மீன் முதலில் ஓட்டைச் சுற்றி வரும். ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும், பின்வாங்கும், திரும்ப வரும். பத்துத் தடவை வந்தபின் சதையின் ஓரத்தை ஒரு தொடு தொட்டு விலகும். அந்தத் தொடுதல் வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்தது. 2, 3 மணிநேரத்தில் ஓட்டை எடுத்துவிடுங்கள், தின்றாலும் தின்னாவிட்டாலும்.

மட்டியை நான்கைந்து நாள் தொடர்ந்து தின்றால் அடுத்த படி: மட்டிச் சதையைக் குறைத்து, அதே ஓட்டில் உறைந்த மைசிஸ் இறாலைத் திணித்து வையுங்கள். ஓடு அதற்குத் தெரிந்த தட்டு. தட்டில் இருப்பதைத் தின்னும். பிறகு மைசிஸை நீண்ட குழாயால் ஓட்டின் மேல் மெதுவாக ஊதுங்கள். அதற்கும் பிறகு ஓடில்லாமல் தண்ணீரில். ஒரு படிக்கு 3 முதல் 5 நாள் எடுக்கும். அவசரப்பட்டு இரண்டு படியைத் தாண்டினால் முதற்படிக்கே திரும்ப வேண்டி வரும்.

மட்டியையும் தொடாவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அமோனியாவைச் சோதியுங்கள், வாயைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 100 ஐத் தாண்டினால் செவுளில் ஏதோ உண்டு. அதற்கு வைத்தியம் செய்யாமல் சாப்பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

சந்தையில் வாங்கும் மட்டி பரவாயில்லையா?

கிண்ணியாப் பக்கம் அள்ளும் மட்டி மலிவு, மீனுக்கும் பிடிக்கும். உயிரோடு, வாய் மூடியிருப்பதை வாங்குங்கள். தட்டியும் மூடாதது செத்தது. நன்றாகக் கழுவி, 2 நாள் உறைகுளிரில் வைத்தபின் கொடுப்பது நல்லது. ஒட்டுண்ணி குறையும், ஓடும் தானாக வாய் திறக்கும். அவிக்கக் கூடாது. வேகவைத்த சதை இறுகிவிடும், சிறு வாய்க்கு ஆகாது.

மட்டியை மட்டும் மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள். பல மட்டி வகைகளில் தயமினேசு என்ற நொதி உண்டு. அது விற்றமின் பி1 ஐ அழிக்கும். நன்றாகத் தின்ற மீன் சில மாதத்தில் நிலைதடுமாறி நீந்துவது இதனாலும் வரலாம். கிழமைக்கு மூன்று தடவை உணவை மீன் விற்றமின் துளிகளில் 10 நிமிடம் ஊற வையுங்கள்.

வீட்டிலேயே கலவை செய்வதானால்: தோலுரித்த இறால் 200 கிராம், மட்டிச் சதை 100, கணவாய் 50, நோரிப் பாசி ஒரு தாள். எல்லாம் பச்சையாக. அரைக்க வேண்டாம், கத்தியால் அரிசி அளவுக்குக் கொத்துங்கள். அரைத்த கூழ் தண்ணீரில் கலங்கிப் போகும், மீன் வாய்க்குப் போகாது. 10 கிராம் ஜெலற்றினை 60 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்து, கைச்சூட்டுக்கு ஆறியபின் கலந்து, பையில் 3 மில்லிமீற்றர் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள்.

நாளுக்கு எத்தனை வேளை?

குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு. வேளைக்கு 5 நிமிடத்தில் முடியும் அளவு. வேலைக்குப் போகிறவர் பின்னேரம் ஒரு தடவை அள்ளிப் போட்டால் மற்ற மீன்கள் கொழுக்கும், இது மெலியும். இரண்டு வேளைக்கு மேல் வீட்டில் யாரும் போட முடியாதென்றால் இந்த மீனை விட்டு வேறு மீனைப் பாருங்கள்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் நெற்றி குழிகிறது. ஏன்?

அதிகம் நடப்பது இரண்டு. ஒன்று, வெறும் ஆர்ட்டிமியா. அதில் தண்ணீரே கூட, சத்துக் குறைவு. மைசிஸுக்கும் கலவைக்கும் மாற்றுங்கள். இரண்டு, போட்டி. அது பத்துத் தடவை கொத்துவதைப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம். அந்த நேரத்தில் பக்கத்து மீன் நாற்பது கொத்து முடித்துவிட்டது. ஒரு வேளையை வீடியோ எடுத்து எண்ணிப் பாருங்கள், உண்மை தெரியும். இரண்டும் இல்லையென்றால் குடற்புழு, செவுட்புழு. திரும்பத் தனிமைத் தொட்டிக்கு.

தொட்டியில் களை போலப் பரவும் அயிப்தாசியா என்ற கடல் அனிமனியைத் தின்னும் என்று வாங்கலாமா?

தின்னலாம், தின்னாமலும் விடலாம். ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று தேடித் தேடித் தின்னும், மற்றது ஒரு வருடமும் பக்கத்திலேயே நீந்தித் திரியும். தின்னும் மீனும் சின்னதைத்தான் விரும்பும். அயிப்தாசியா மட்டுமே பிரச்சினை என்றால் பெப்பர்மின்ட் இறால் 4 விட்டுப் பாருங்கள். செலவும் குறைவு, பொறுப்பும் குறைவு.

என் முருகைக்கல்லைத் தொடுமா?

சிறு மொட்டு முருகைக்கல்லை அநேகமாக விட்டுவிடும். சதைப்பற்றான பெரிய மொட்டு வகைகளை, முக்கியமாகப் பசித்தால், கொத்தும். பெரும் மட்டியான டிரிடாக்னாவின் உதட்டையும் சிலது கொத்தும். குழாய்ப் புழு, விசிறிப் புழு இருந்தால் அவை போனவைதான்; அதில் வாக்குவாதம் இல்லை.

யாரோடு சேர்த்து வைக்கலாம்?

கோமாளி மீன், கோபி, கார்டினல், சாதுவான அந்தியாஸ். டொட்டிபாக், டாம்செல், கிளாத்தி வேண்டாம். டாங் மீன்தான் பெரும்பாலும் வில்லன்: ஏற்கெனவே இடம் பிடித்த டாங் புதிய தட்டை மீனைக் கண்டால் வாலின் கத்தியைக் காட்டும். கொப்பர்பாண்டை முதலில் விட்டு, அது கலங்காமல் தின்னும்போது டாங்கைச் சேருங்கள். ஏற்கெனவே டாங் இருந்தால் புதியதைத் துளையிட்ட பெட்டியில் தொட்டிக்குள்ளேயே ஒரு கிழமை வைத்து, ஒன்றையொன்று பார்த்துச் சலித்தபின் திறந்து விடுங்கள்.

மாண்டரின் மீன் இருக்கும் தொட்டியில் யோசியுங்கள். இரண்டும் ஒரே கூனியை நம்பி வாழ்கின்றன.

இரண்டு வளர்க்கலாமா?

வேண்டாம். சோடியாகவே வந்ததென்று உறுதியில்லாத இரண்டு சண்டை பிடிக்கும்; ஒன்று மூலைக்குப் போய்ப் பட்டினி கிடக்கும்.

இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் நிறம் மங்கி, கருந்திட்டு விழுந்திருக்கிறது. நோயா?

இல்லை. அது இரவு நிறம். விளக்கு வந்து கால் மணிநேரத்தில் பழைய நிறம் வரும். வராவிட்டால் யோசிக்கலாம்.

மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் அடர்த்தி குறைந்த தொட்டி 2 மணிநேரம் பெரிதாகக் கலங்காது. 30 பாகையில் தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடிக்கும், ஆகவே கச்சான் காலத்து மின்வெட்டு மாரி மின்வெட்டை விட மோசம். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை எப்போதும் ஏற்றித் தயாராக வையுங்கள், விலை அதிகமில்லை. அதுவும் இல்லையென்றால் ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒருதரம் ஐம்பது குவளை. கை வலிக்கும், மீன் நிற்கும். மின்சாரம் இல்லாத நேரம் சாப்பாடு போடாதீர்கள். நீண்ட நேரம் நின்ற மூடிய குடுவை வடிகட்டியை, தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் திருப்பி ஓட்ட வேண்டும். உள்ளே தேங்கியது அழுகியிருக்கும்.

வளர்க்க முடியவில்லை. டச்சுக் குடாவில் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இது இந்தக் கடலின் மீனல்ல. இறக்குமதித் தொட்டிகளில் நாலு நாட்டு மீனோடு கிடந்து வந்ததால் அது எந்த ஒட்டுண்ணியைச் சுமக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாதி விலையும் தரமாட்டார்கள், சும்மா கொடுத்தாலும் நல்லது. அல்லது பழைய பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அது எந்த ஓட்டில் எதைத் தின்று பழகியதென்று எழுதி, அந்த ஓட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.